இடது பக்கம் போகாத ரிமோட்

குண்டு இல்லை சார். தாராளமாக உட்காருங்கள். பையிலிருந்து வயர் தொங்கினால் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். கண்டக்டர்கூட இப்போதுதான் கேட்டுவிட்டுப் போனார். வீடியோ கேம் ரிமோட். அந்தக் காலத்தில் டிவியில் மாட்டி, கேசட் போட்டு விளையாடுவார்களே, அந்தச் சாமான். வயர் ஒன்றுதான் பிய்ந்திருக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை. எந்தப் பட்டனை வேண்டுமானாலும் அமுக்கிப் பாருங்கள். இதைக் கெடுப்பதற்காகத்தான் புதுக்கோட்டையிலிருந்து திருச்சிக்கு எடுத்துக்கொண்டு போகிறேன்.

சரி, சிரித்துவிட்டீர்கள். இனிமேல் முழுக்கதையையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். டோல்கேட் வருவதற்குள் சொல்லிவிடுவேன்.

என் பெயர் ஜம்புநாதன். திருவானைக்காவல்காரன். மனைவி பெயர் அகிலாண்டேஸ்வரி. பெயர்ப்பொருத்தம் பிரமாதம் என்று பெரியவர்கள் ஜாதகத்தைக்கூட ஒழுங்காகப் பார்க்கவில்லை. எங்கள் ஊர்க் கோவிலில் இதே பெயருள்ள சாமிக்கும் அம்பாளுக்கும் திருக்கல்யாணமே நடத்துவதில்லை என்பது அப்போது ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. போகட்டும்.

சிங்காரத்தோப்பில் ஒரு துணிக்கடையின் மாடிப்படிக்குக் கீழே என் கடை. எழுந்து நின்றால் தலை இடிக்கும். ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர், டிவி எல்லாம் பார்த்தேன். இப்போது வருவதெல்லாம் இந்த ரிமோட்டுகள்தான். ஜாய்ஸ்டிக் என்று சொல்கிறவர்களும் உண்டு, அவர்கள் பெங்களூரிலிருந்து வருகிறவர்கள். குழந்தைகளா கொண்டுவருகிறார்கள் என்று கேட்கிறீர்களா? நாற்பது தாண்டிய ஆண்கள் சார். தொப்பை, கார், சர்க்கரை எல்லாம் உள்ளவர்கள். "அண்ணே, ஜம்ப் பட்டன் வேலை செய்யலண்ணே" என்று ரிமோட்டை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். குதித்தால் முட்டி கழன்றுவிடுகிற வயது. பட்டன் சரியானால் மற்றதெல்லாமும் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் மறுப்பதில்லை. தொழில் அல்லவா?

தொழிலில் எனக்கு ஒரு கொள்கை உண்டு. சொன்ன கோளாறை மட்டும் சரிசெய்து அனுப்புகிற ஆள் இல்லை நான். ஒன்றைத் திறந்துவிட்டால் உள்ளே இருக்கிற அத்தனையையும் பார்த்துவிடுவேன். பட்டனுக்குக் கீழே ஒரு ரப்பர் இருக்கும், ரப்பரின் அடியில் கறுப்பாக ஒரு பொட்டு. அமுக்கும்போது அந்தப் பொட்டு போர்டைத் தொட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். பொட்டு தேய்ந்திருந்தால் மாற்றுவேன், போர்டு அழுக்காக இருந்தால் துடைப்பேன். கேட்டாலும் செய்வேன், கேட்காவிட்டாலும் செய்வேன். திரும்ப மூடும்போது என் கையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சியது கிடையாது. திருச்சியில் வேறு எந்த மெக்கானிக்காவது இப்படிச் சொல்லட்டும், பார்க்கலாம்.

வீட்டிலும் அப்படித்தான். எங்கள் வீட்டில் ஒழுகுகிற குழாய் இல்லை, ஆடுகிற நாற்காலி இல்லை. பாத்ரூம் தாழ்ப்பாள் ஒன்று மட்டும் ரொம்ப நாளாகத் தகராறு செய்துகொண்டிருந்தது. தினமும் காலையில் அகிலா உள்ளே மாட்டிக்கொண்டு, "என்னங்க! தாழ்ப்பாள்!" என்று கத்துவாள். நான் பேப்பரை வைத்துவிட்டுப் போய்க் கதவைத் தோளால் ஒரு இடி இடிப்பேன். வெளியே வந்து, "ஊர்ல உள்ள ரிமோட்டெல்லாம் ரிப்பேர் பண்றீங்க, இதப் பண்ண மாட்டீங்களா?" என்பாள். போன வருஷம் அதையும் கழற்றி, அரத்தால் ராவி, எண்ணெய் போட்டு மாட்டிவிட்டேன். இப்போது சுண்டுவிரலால் தள்ளினால் போதும். வீடு நிசப்தமாக இருக்கிறது.

எதற்குச் சொல்ல வந்தேன்? ஆமாம், அக்கா.

புதுக்கோட்டையில் இருப்பது என் அக்கா வேதவல்லி. அத்தான் நாகசுந்தரம் மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். நல்ல பேச்சுக்காரர். ஒரே பையன், அவன் கல்யாண ரிசப்ஷனில் சம்பந்தி வீட்டாரைச் சுற்றி உட்கார வைத்துத் தன்னுடைய மூல ஆபரேஷனை விவரித்துக்கொண்டிருந்தார். கை ஜாடையோடு. அக்கா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பாயசம் பரிமாறுகிற நேரத்தில், எல்லோர் முன்னாலும், "கொஞ்சம் வாய மூடிக்கிட்டு உட்காருங்க" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு மூடினவர்தான் சார்.

பால்காரரிடம் பேசுவார். தெருநாயிடம் பேசுவார். என்னிடம் மணிக்கணக்கில் பேசுவார். அக்காவிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. டம்ளரை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் காபி, இரண்டு தட்டினால் மோர். பையனுக்குக் குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடமும் போக ஆரம்பித்துவிட்டது. இவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார். அக்கா மன்னிப்புக் கேட்டாள், அழுதாள், பையனை விட்டுச் சொல்லச் சொன்னாள். "உங்கம்மா சொன்னதத்தான் கேக்கறேன்" என்று அவனிடம் சொல்லி அனுப்பினார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில் கேபிள் இல்லாமல் போனது. அத்தான் பரணில் எதையோ தேடும்போது பையனுடைய பழைய வீடியோ கேம் அகப்பட்டது. அதில் ஒரு டாங்கி விளையாட்டு. திரையின் கீழே நடுவில் ஒரு கோட்டை. மேலே இருந்து எதிரி டாங்கிகள் சுட்டுக்கொண்டே வரும். ஆளுக்கொரு டாங்கியாக இரண்டு பேர் சேர்ந்து கோட்டையைக் காப்பாற்ற வேண்டும். அத்தான் ஒரு ரிமோட்டை எடுத்துக்கொண்டார். மடியில் முறுக்குத் தட்டு. இன்னொன்று தரையில் கிடந்தது. அக்கா போய் அதை எடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்போதுதான் விஷயமே. அத்தானுடைய ரிமோட்டில் இடது பட்டன் வேலை செய்யாது. சுத்தமாக வேலை செய்யாது என்று சொல்ல முடியாது. எப்போதாவது, ஓங்கி அழுத்தினால் போகும். மற்ற நேரமெல்லாம் அவருடைய டாங்கி வலது பக்கம் ஒதுங்கி அங்கேயே கிடக்கும். இடது பக்கம் எதிரி இறங்குகிறான். கோட்டை போகப்போகிறது. என்ன செய்வார் மனிதர்?

"வேதா! எடது! எடதுல வருது!"

அக்கா பாய்ந்து போய்ச் சுடுவாள். அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் அதேதான். "வேதா, எடது! தூங்கறியா?" "பாத்துட்டேன், பாத்துட்டேன்!" நான் போயிருந்தபோது தெருமுனையிலேயே கேட்டது. விளையாட்டு முடிந்ததும் மறுபடி டம்ளர் தட்டல்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரம், அடேயப்பா, காது கிழியும். இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது, இரத்த அழுத்தம் வேறு, இப்படிக் கத்துகிறார்களே என்று எனக்குக் கவலைதான்.

போன பங்குனியில் அக்கா கண் பரிசோதனைக்குத் திருச்சி வந்தவள் அந்த ரிமோட்டைக் கடையில் கொடுத்துவிட்டுப் போனாள். "வயர் விட்டுப் போச்சுடா ஜம்பு. வயர மட்டும் பாரு. வேற எதையும் தொடாத" என்றாள். வேறு எதையும் தொடாதே என்று டாக்டரிடம் போய்ச் சொல்வார்களா? திறந்தேன். இடது பக்க ரப்பரின் ஓரம் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் என்ன இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு எள். முறுக்கிலிருந்து உதிர்ந்த எள். அது ரப்பருக்கும் போர்டுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு இத்தனை நாள் பொட்டைத் தொடவிடாமல் செய்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எள்ளை ஊதித் தள்ளினேன். புது ரப்பர் போட்டேன். வயரையும் பற்றவைத்துத் துடைத்துப் பாலிஷ் போட்டு அனுப்பினேன். சொந்த அக்கா என்பதால் இன்னும் கொஞ்சம் சிரத்தை.

அடுத்த முறை போனபோது என் வேலையை நானே பார்த்து ரசித்தேன். அத்தான் டாங்கியை என்னமாய் ஓட்டுகிறார்! இடது, வலது, மேலே, கீழே. கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு எதிரி வர முடியவில்லை. ஒரு சத்தம் இல்லை. அக்காவின் டாங்கிக்கு வேலையே இல்லை, ஒரு மூலையில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுப் பீன்ஸ் நறுக்கப் போனாள். அத்தான் திரும்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார்.

"எப்படிக்கா நம்ம வேலை?" என்று கேட்டேன். அவள் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ கொலை செய்துவிட்ட மாதிரி. எனக்கு உண்மையிலேயே புரியவில்லை சார். நன்றி சொல்ல வேண்டாம். இப்படி ஒரு பார்வைக்கு நான் என்ன செய்துவிட்டேன்?

சித்திரைக் கடைசியில் கடைக்கே வந்துவிட்டாள். மாடிப்படிக்குக் கீழே குனிந்து நுழைந்து, ரிமோட்டை என் மேஜைமேல் வைத்தாள்.

"கெடுத்துக் குடு."

"என்னக்கா?"

"முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படிப் பண்ணிக் குடு."

"நல்லா இருக்கறத எதுக்குக்கா கெடுக்கணும்?"

"உன்னை நான் வயரத்தானடா பாக்கச் சொன்னேன்?"

"அத்தானுக்கு வசதியா இருக்கட்டும்னுதான்..."

"அவருக்கு வசதி. நீ சரி பண்ணுன நாள்லேருந்து அந்த மனுஷன் வாயத் தெறக்கலடா. என் பேரையே மறந்துட்டாரோ என்னமோ."

"வீடு அமைதியா இருக்குன்னு சந்தோஷப்படாம..."

"உன் வீட்டு அமைதிய நீயே வச்சுக்க" என்றாள். "எனக்கு அந்த எடதுதான்டா வேணும்."

அவள் இதைச் சொல்லும்போது வாடிக்கையாளர் ஒருவர் வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் மானம் போயிற்று. நான் யோசிக்கிற ஆள் சார், எதையும் லேசில் விடமாட்டேன். மூன்று நாள் யோசித்தேன். ஒரு மெக்கானிக் ஒன்றைக் கெடுத்துக் கொடுக்கலாமா? அப்புறம் எனக்கும் மற்றவர்களுக்கும் என்ன வித்தியாசம்? ஆனாலும் அக்கா. சரி என்று இடது ரப்பருக்கு அடியில் இன்சுலேஷன் டேப் ஒன்றை ஒட்டிக் கொடுத்தனுப்பினேன்.

அது பெரிய தப்பாகிவிட்டது. டேப் ஒட்டினால் பட்டன் முழுசாகச் செத்துப்போகும் அல்லவா? அத்தான் அழுத்திப் பார்த்திருக்கிறார், ஓங்கி அழுத்திப் பார்த்திருக்கிறார், ஒருதரம்கூடப் போகவில்லை. ரிமோட்டை வைத்துவிட்டு நியூஸ் பார்க்கப் போய்விட்டார். மறுநாள் தொடவே இல்லை. அதற்கு மறுநாள் மொத்தப் பெட்டியையும் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டார், ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான்காரர் வருவார் என்று. அக்கா அதை ராத்திரியோடு ராத்திரியாக உள்ளே எடுத்து வைத்துவிட்டு, ரிமோட்டை மட்டும் தெரிந்தவர் மூலம் எனக்கு அனுப்பிவிட்டுப் போன் பண்ணினாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அடுத்த ஞாயித்துக்கெழம மறுபடி வருவான்டா. அதுக்குள்ள பண்ணு. இந்தத் தடவையும் சரியா வரலேன்னா, அந்தப் பெட்டியோட சேத்து என்னையும் போட்டுட வேண்டியதுதான்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, பழுது என்றால் வெறும் பழுது இல்லை. அதற்கும் ஒரு பதம் இருக்கிறது. வரும் வரும் என்று தோன்ற வேண்டும், ஆனால் வரக்கூடாது. அப்போதுதான் மனிதன் கத்துவான்.

எள் வாங்கினேன். சிரிக்காதீர்கள். ராத்திரி வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். பச்சை எள் உருண்டு ஓடியது. வறுத்த எள் நாலு அமுக்கில் தூளாகிவிட்டது. வெள்ளை எள், கறுப்பு எள், எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. காகிதத்தில் எள்ளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அகிலா வந்து பார்த்தாள்.

"யாருக்குத் திவசம்?"

"யாருக்கும் இல்ல."

"சரி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அந்த வாரம் நாங்கள் இருவரும் பேசினதில் அதுதான் அதிகம். அப்படி ஒன்றும் சண்டை இல்லை சார். நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். எல்லாம் அததன்படி நடக்கும்போது என்ன பேசுவது?

கடைசியில் மூளை வேலை செய்தது. முறுக்கு எள் என்றால் முறுக்கில்தானே தேட வேண்டும்? தெப்பக்குளத்துப் பக்கம் அரைக் கிலோ முறுக்கு வாங்கி, உடைத்து, எள்ளை மட்டும் பொறுக்கினேன். எண்ணெயில் வெந்த எள் ஒரு தனி ரகம். நசுங்காது, ஓடாது, இருந்த இடத்தில் இருக்கும். ஒன்றை வைத்து மூடினேன். அழுத்தினேன். போகவில்லை. போகவில்லை. ஓங்கி அழுத்தினேன், போயிற்று. என் சர்வீஸில் இவ்வளவு சந்தோஷமாக எதையும் சரிசெய்ததில்லை. சரிசெய்தேன் என்பதா, கெடுத்தேன் என்பதா, அதைத்தான் இந்த பஸ்ஸில் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்குக் காலையில் கொண்டுபோனேன். நாளைக்கு ஞாயிறு. அக்கா வாங்கி மாட்டினாள். நாலு மணிக்கு, நான் கூப்பிட்டதற்காக, அத்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா முறுக்குத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தன்னுடைய ரிமோட்டை எடுத்துக்கொண்டாள்.

முதல் ஆட்டத்தில் எதிரியெல்லாம் வலது பக்கமே வந்து தொலைத்தான். எனக்கு உயிரே போயிற்று. இரண்டாவது ஆட்டத்தில் இடது மூலையில் ஒருவன் இறங்கினான். அத்தான் அழுத்தினார். போகவில்லை. மறுபடி. போகவில்லை. ஓங்கி ஒரு அழுத்து. ஒரு அடி நகர்ந்து நின்றது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அக்கா வேண்டுமென்றே தன் டாங்கியை அசைக்காமல் வைத்திருந்தாள். எதிரி சுட்டான், கோட்டைச் சுவரில் ஒரு செங்கல் போயிற்று.

"வேதா!"

அக்கா அசையவில்லை.

"வேதா, எடது! எடதுல வர்றான் பாரு! கண்ணு டெஸ்ட் பண்ணிட்டு வந்து என்ன பிரயோஜனம்?"

"கத்தாதீங்க, பாத்துட்டேன்!"

கத்தாதீங்க என்றதும் நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். வாயை மூடச் சொன்னதற்கே இத்தனை வருஷம். அத்தான் வாயை இறுக மூடிக்கொண்டார். அக்காவுக்கும் முகம் வெளுத்துவிட்டது. திரையில் இன்னொருவன் இறங்கினான், அதே இடது மூலையில். அத்தான் பல்லைக் கடிக்கிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. அவன் இறங்குகிறான். இறங்குகிறான்.

"எடதுடீ!"

அக்கா சுட்டாள் பாருங்கள். அந்த ஒருவனை எத்தனை தரம் சுட்டாள் தெரியுமா? அவன் போய்ச் சேர்ந்த பிறகும் சுட்டுக்கொண்டே இருந்தாள்.

எங்கள் குடும்பத்தில் எள்ளை இறைப்பது செத்தவர்களுக்குத்தான். உயிரோடு இருக்கிற இரண்டு பேருக்காக இறைத்தவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அத்தான் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து இதை எடுத்தார். இந்த ரிமோட்டை.

"மாப்ள, இது அவளோடது. வயர் பிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"பிஞ்சுதான் இருக்கு அத்தான்."

"நான்தான் பிச்சேன். வயர மட்டும் பாக்காத. வலது பக்கம் போகாம பண்ணிக் குடு. முழுசாக் கெடுத்துடாத. பாதி."

"எதுக்கு?"

"அவ என்னைக் கூப்பிடறதே இல்ல மாப்ள. எல்லாத்தையும் அவளே சுட்டுடறா." டீயை ஒரு வாய் குடித்தார். "அதே எள்ளு போதுமா, இதுக்கு வேற ஏதாவது வேணுமா?"

எனக்குப் புரை ஏறிவிட்டது. "எள்ளு விஷயம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முறுக்கு தின்னவன் நான்தானே? உள்ள போனத நானே பாத்தேன்."

"அப்ப நான் சரி பண்ணிக் குடுத்ததும் ஒரு வார்த்த பேசியிருக்கலாமே? ஏன் சும்மா இருந்தீங்க?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "நல்லா வேலை செய்யற ரிமோட்ட கையில வச்சுக்கிட்டு, என்னன்னு சொல்லி மாப்ள அவளைக் கூப்பிடறது?"

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டேன். பைத்தியக்காரக் குடும்பம் சார். பேசுவதற்கு ஒரு பழுது வேண்டுமாம் அவர்களுக்கு. எங்கள் வீட்டில் அதெல்லாம் கிடையாது. அகிலா என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. குழாய் ஒழுகுவதில்லை, நாற்காலி ஆடுவதில்லை, தாழ்ப்பாள்...

அதோ டோல்கேட் வந்துவிட்டது, நான் இறங்க வேண்டும். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள். வயர், வயர், இழுக்காதீர்கள்.

தாழ்ப்பாளை ஒன்றும் செய்யப்போவதில்லை. வீட்டுக்குப் போனதும் சும்மா ஒருதரம் கழற்றிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று. அவ்வளவுதான். திரும்ப மாட்டும்போது என் கையில் ஸ்க்ரூ மிஞ்சியது கிடையாது என்று சொன்னேன் அல்லவா? இன்றைக்கு ஒன்று மிஞ்சும் போலிருக்கிறது.